அப்பாவின் கல்லறை என்று அம்மா காட்டியது

பம்பாயில் செத்தவனுக்கும் வாடகை இடம்தான். புதைத்துச் சில வருடம் ஆனதும் குழியைத் திறந்து, எலும்பை எடுத்துச் சுவர்ப் பொந்தில் வைத்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். தாராவியில் எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த எல்லார் வீட்டுப் பெரியவர்களும் அப்படிப் பொந்துக்குப் போனவர்கள்தான். எங்கப்பா மட்டும் போகவில்லை. கறுப்புக் கல் சிலுவையும், பெயர்ப்பலகை உடைந்து விழுந்த மேடையும் வருடா வருடம் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவள் நான். கொஞ்சம் மூளை இருந்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கல்லறைத் திருநாளன்று அம்மா ஆயா வேலைக்கு லீவு போட்டுவிடுவாள். வாளித் தண்ணீரில் கல்லைத் தேய்த்துக் கழுவி, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். அம்மா ஒரு பாட்டம் அழுவாள். நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். பத்தாவது மார்க், செம்பூரில் கிடைத்த வேலை, கோயிலில் ஓலை வாசித்து எல்லாருக்கும் அறிவித்த பிறகு நின்றுபோன கல்யாணம். மனிதர் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை.

எனக்கு நாற்பது வயதான வருடம், கவுன் போட்ட ஒரு கிழவி மகளோடு வந்து நின்றாள்.

"யே மேரே பப்பா கா கபர் ஹை. தும் லோக் கௌன்?"

அது அவள் அப்பாவின் கல்லறையாம், நாங்கள் யாராம். நான் சண்டைக்கே போய்விட்டேன். யாருக்கு யார் பப்பா? மகள் பையிலிருந்து கல்லறையை நிரந்தரமாக விலைக்கு வாங்கிய காகிதத்தை எடுத்து நீட்டினாள். குடும்பமே வெளிநாட்டில் இருந்ததாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். "உங்கப்பா சாவலட்டி. இன்னொருத்தியக் கூட்டிட்டுப் போயி, இங்க மான்குர்த்லதான் இருக்காவ. நீ அப்பம் கைப்பிள்ள."

"அப்போ அது யாரு கல்லறை?"

"யாரு கண்டா? ஒருத்தரும் வராத கல்லறையாப் பாத்துப் பிடிச்சேன்."

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"புருசன் விட்டுட்டுப் போனவள்னா ஒரு பய வீடு தருவானா? கோயில்ல ஏச மாட்டாவளா? செத்துட்டாவன்னா, பாவம்னு விட்டுருவாவ."

அதன் பிறகு அம்மாவோடு நான் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு போட்டேன், மாத்திரை கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை. தவக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் கொடுக்காமலே போய்விட்டாள். வீட்டில் பேச்சுச் சத்தத்துக்காக டிவியைப் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

அடுத்த கல்லறைத் திருநாளன்று, அம்மாவை அடக்கிய இடத்தில் பூ வைத்துவிட்டு நேராக மான்குர்த்துக்குப் போனேன். அங்குள்ள கோயிலில் தமிழ்ப் பூசைக்கு அவர் தவறாமல் வருவார் என்று அன்று பஸ்ஸிலேயே அம்மா சொல்லியிருந்தாள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பியதுதான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சாமியார், காணிக்கை கொடுத்துப் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொன்னவர்களுடைய வீட்டில் இறந்தோர் பெயர்களை வரிசையாக வாசித்தார். அம்மாவின் பெயர் வந்தது, எங்கள் ஊர்ப் பெயரோடு. யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள், மனிதருக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

அடுத்து என் பெயரை வாசித்தார். ஞானஸ்நானப் பெயர், அதோடு அம்மா மட்டும் கூப்பிடும் வீட்டுப் பெயர்.

முன் பெஞ்சில் ஒரு கிழவரின் தோள்கள் குலுங்கின. பக்கத்திலிருந்த அம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பூசை முடிந்து வாசலில் நின்றபோது அந்த அம்மாளே என்னிடம் வந்தாள். "புதுசா இருக்கீயளே?"

"பெரியவரு ஏன் அப்படி அழுதாரு?" என்று கேட்டேன்.

"மொத வீட்டம்மாவும் பச்சப்பிள்ளையும் ஊருல வாந்திபேதில போயிட்டாவளாம். நாப்பது வருசமா பூசை குடுக்காவ. எனக்கே சமயத்துல பொறாமையா இருக்கும், போங்க." சிரித்தாள். "நீங்க யாருக்காவ வந்தீய?"

அவர் அவள் பின்னால் வந்து நின்றார். என் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. கேட்க வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட வரவில்லை.

"எங்கப்பாவுக்காக. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் வந்து என் தலையில் கை வைத்தார். "அழாத தாயி. ஆண்டவர் இருக்காரு."

நான்தான் அந்தப் பிள்ளை என்று சொன்னால் கையை எடுத்துவிடுவார். நான் அசையாமல் நின்றேன்.