மணல் பார்க்க வந்தவர்

மன்னார்த் தீவில் மணல் அகழ நினைக்கும் ஒரு நிறுவனத்துக்காக எங்கள் பனங்காணியைத் துளைத்து மணல் மாதிரி எடுக்க வந்தவர் மெலிந்த, நரைத்த மனிதர். பையில் போடுமுன் ஒவ்வொரு பிடி மணலையும் உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்ப்பார்.

"உதில என்ன ஐயா இருக்கு?" என்று கேட்டேன்.

"இந்தக் கறுப்பு மணி டூர்மலின், வெள்ளை மணி சில்லிமனைட். ரெண்டிலயும் அலுமினியமும் சிலிக்கனும் இருக்கு. வெள்ளையில அதுகள் சங்கிலியாய் நீளுது. கறுப்பில போரானும் சேர்ந்திருக்கு, சிலிக்கன் வளையமாய் நிக்குது."

"இதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனா எங்கட தீவு?"

அவர் நிமிரவில்லை. "மணலுக்குள்ளதான் உங்கட நல்ல தண்ணி நிக்குது. கிணறு உப்புக் கரிச்சா உடன சொல்லுங்கோ, தங்கச்சி."

"ஆருக்குச் சொல்லுறது?"

அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து காலையில் இறைக்கும் முதல் வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்.