ஓதியாவுக்குத் தட்டு வைக்காத வீடு

லிபனாலி விருந்து அன்றுதான் தொடங்குகிறது. செத்துப்போனவர்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பி, சில நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிற காலம். ஸ்வானேத்தி மலையில் எல்லா வீட்டு அடுப்பும் காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. மாரேக்குக்குத்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மாவைப் பிசைவாள். பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் கணவாய்ப் பக்கம் பார்ப்பாள். திரும்பி வந்து இறைச்சியைக் கொத்துவாள். பூண்டும் காட்டுச் சீரகமும் சேர்த்து இடித்த உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

அவள் புருஷன் ஓதியா, தவறிப்போன ஆட்டைத் தேடி அந்தக் கணவாய் ஏறி மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பனி சரிந்தது. ஊரே கம்பு குத்தித் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

கொழுந்தன் பெக்முர்சா, வருகிறவர்களுக்கான மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தான். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. மூன்றாவதையும் எடுத்தான்.

"அது யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான், அண்ணி."

"எடு அத."

"அவரு பசியோட வாசல்ல நிக்கிறாருன்னு ஊரெல்லாம் பேசுறாங்க."

"ஊருக்கு அடுத்தவன் அடுப்பப் பாக்குறதுதானே பொழப்பு. அவரு செத்தத நீ பாத்தியா?"

"உசிரோட இருக்கிறத நீங்க பாத்தீங்களா?"

அவன் இறைச்சி பொதிந்த சூடான ரொட்டியைத் தட்டில் வைத்தான். மாரேக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். வந்தவர்கள் பசியாறுமுன் யாரும் கைவைக்காத மேசை அது. பெக்முர்சா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நகர்ந்தான்.

"உங்கண்ணன் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றாள்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அடுத்த மூன்று லிபனாலிக்கும் அந்த மேசையில் இரண்டே தட்டு.

ஓதியா காணாமல்போன ஏழாவது கோடையில், உருகிய பனிக்கடியில் மேய்ப்பர்கள் எலும்புகளைக் கண்டார்கள். கூடவே ஒரு தோல் வார். அறுந்த இடத்தில் அவள் போட்டிருந்த தையல் அப்படியே இருந்தது. மாரேக் அழவில்லை. குழி வெட்ட எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து வந்த ஜனவரி லிபனாலியில் மூன்றாவது தட்டை அவளே வைத்தாள். தினம் காலையில் புதிதாக ரொட்டி சுட்டு வைத்து, எதிரே உட்கார்ந்து ஏசினாள்.

"மேகம் எறங்குது, போகாதேன்னு சொன்னேன்ல? ஒத்த ஆடு. அதுவும் நொண்டி ஆடு."

கடைசி நாளான திங்கட்கிழமை, விருந்துக்கு வந்திருந்த செத்தவர்களை வழியனுப்பினார்கள். எல்லோரும் வாசலோடு நின்றுகொள்ள, மாரேக் மட்டும் முழங்கால் பனியில் நடந்துகொண்டே போனாள். கணவாய்ப் பாதை பிரிகிற இடத்தில்தான் பெக்முர்சாவால் அவளைப் பிடிக்க முடிந்தது.

"போதும் அண்ணி. அடுத்த வருஷம் வருவாரு."

"அதுவரைக்கும் நான் என்னடா பண்றது?"

 பெக்முர்சா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மாட்டுக்கு இன்னும் வைக்கோல் போடல," என்றான்.

அவள் மலையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கினாள்.