பெண்ணையாற்றில் களையெடுத்த கதை

மீன் கணக்கெடுக்கப் போனவனை மீனைத் தவிர எல்லாரும் கேள்வி கேட்பார்கள். மேலே இருக்கிறவர் போட்ட உத்தரவுக்காகக் கீழே நின்று பேச்சு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எண்பதுகளில் எனக்கு விழுப்புரம் மீன்துறை ஆபீஸில் தற்காலிக உத்தியோகம். பெண்ணையாற்று மடுக்களில் நாட்டு மீன் எவ்வளவு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் எவ்வளவு என்று பிடித்து, எண்ணி, திரும்ப விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கே அத்தனை பாடு.

பஸ்ஸில்

குடியிருந்தது திண்டிவனத்தில். ஆற்றிலிருந்து நான் திரும்புவதற்குள் ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். அதனால் மாதிரிக்கென்று எடுத்து ஃபார்மலின் மருந்தில் ஊறப்போட்ட ஒன்றிரண்டு மீனோடு ஜாடி ராத்திரி என்னோடு வீட்டுக்கு வந்து, காலையில் என்னோடு விழுப்புரம் பஸ் ஏறும். என் மனைவி அதை வாசப்படி தாண்ட விட்டதே இல்லை.

ஒருநாள் டிரைவர் போட்ட பிரேக்கில் ஜாடி மூடி கழன்று, மருந்து சீட்டுக்கடியில் ஓடியது. பஸ் முழுக்கக் கண்ணைக் கசக்குகிறது. குழந்தைகள் அழுகின்றன. "இது கவர்மெண்ட் சர்வேங்க" என்று நான் கெத்தாகச் சொல்லிப் பார்த்தேன். கண்டக்டர் விசில் ஊதி என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "கவர்மெண்ட்டா இருந்தா இன்னா, கண்ணு எரியுதுல்ல? மீனைக் கொழம்புல போடு, இல்லாங்காட்டி ஆத்துல போடு. பஸ்ல ஏன்யா போடற?"

மடுவில்

முகையூர்ப் பக்கம் கோடையில் பெண்ணை வெறும் மணல். செருப்பு இல்லாமல் இறங்கினால் கால் கொப்பளித்துவிடும். அந்த மணலில் அங்கங்கே நின்ற மடுக்களில் வலை போட்டால் வந்ததெல்லாம் ஜிலேபி மீன். யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டது, எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. பாறையோரம் ஒரே ஒரு மடுவில் மட்டும் விரால், குறவை, ஆரால், கெளுத்தி, அயிரை என்று நாட்டு மீன் அத்தனையும் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மடுவை எப்படியாவது காப்பாற்ற வேண்டும், என் கணக்கைப் பார்த்தால் ஆபீஸே காவல் போடும் என்று நம்பினேன்.

அந்த மடுவை நம்பித்தான் உபகாரமேரி அக்கா குடும்பம் இருந்தது. கூடையைக் கவிழ்த்து, கைவிட்டுத் துழாவி, அன்றைக்கு வேண்டியதைப் பிடிப்பார். கொஞ்சம் குழம்புக்கு, கொஞ்சம் விற்க. நான் எண்ணி எண்ணித் தண்ணீரில் விடுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை: "புடிச்ச மீனை ஆத்துல உடறதுக்கா சார் உங்களுக்குச் சம்பளம்? எங்க ஊட்டுக்காரரு சும்மாத்தான் இருக்காரு, அவருக்கும் இந்த வேலைய வாங்கிக் குடுங்களேன்!"

ஆபீஸில்

'இந்த மடுவில் நாட்டு மீன் ஏராளம், இதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்' என்று எழுதி அதிகாரியிடம் நீட்டினேன். ஆபீஸ் பாஷையில் நாட்டு மீனுக்கு என்ன பெயர் தெரியுமா? களை மீன்! வளர்ப்பு மீனுக்குப் போட்டியாம். அதிகாரி படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "அடேயப்பா, எவ்ளோ களை! நல்லவேளை கண்டுபிடிச்சீங்க. சுத்தமா எடுத்துட்டு கெண்டைக் குஞ்சு விட்டுடலாம்."

ஒரு குடும்பம் அதை நம்பி இருக்கிறது, மற்ற மடுவில் எல்லாம் நாட்டு மீன் ஒழிந்தே போச்சு என்று தொண்டை வற்றக் கத்தினேன். மனுஷன் ஃபைலை மூடிவிட்டார். கடுப்போடு கதவு வரைக்கும் போனவனைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்க போனா வீட்டுக்கு ரெண்டு விரால் எடுத்துக்கினு வாங்க. கெண்டை வேணாம்பா, சேத்து நாத்தம் அடிக்குது."

பிண்ணாக்கு

லாரியில் இலுப்பைப் பிண்ணாக்கு வந்து இறங்கியது. அதைக் கரைத்து விட்டால் மீன் மூச்சுமுட்டி மேலே வந்துவிடும். அந்த மீனை மனிதன் தின்றால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பெரிய விராலாகப் பார்த்து முதலில் ஜீப்பில் ஏற்றினார்கள். களையாம்! களையை யாராவது ஜீப்பில் ஏற்றுவானா? "நிறுத்துங்க சார்" என்று நான் குறுக்கே போனேன். ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

மிச்சத்தை ஊர்க்காரர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி பெருந்தன்மையாக அறிவித்தார். எல்லாரும் ஓடினார்கள். உபகாரமேரி அக்கா குனியவே இல்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்: "வருசம் பூரா வெக்கிற கொழம்ப ஒரே நாள்ல வெக்கச் சொல்றீங்களே, இது இன்னா சார் நியாயம்?"

மறுபடியும்

ஐப்பசியில் பெண்ணை கரைபுரண்டது. ஆசை ஆசையாக விட்ட கெண்டைக் குஞ்சு மொத்தமும் அடித்துக்கொண்டு கடலூருக்குப் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் வடிந்தபோது அந்த மடுவிலும் ஜிலேபி. அடுத்த கோடையில் எனக்கு ஓர் உத்தரவு: 'நாட்டு மீன் குறைந்ததற்கான காரணத்தைக் கண்டறிந்து எழுதவும்.' கையெழுத்து, அதே அதிகாரி. வலையை எடுத்துக்கொண்டு போனேன். காரணத்தை என் கையாலேயே எழுதிவிட வேண்டும் என்ற வெறி.

உபகாரமேரி அக்கா எங்கோ கொல்லை வேலைக்கு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். கூடை இல்லை. என்னையும் வலையையும் பார்த்ததும் நின்றார். சிரிப்பும் இல்லை, 'சார்' என்ற மரியாதையும் இல்லை: "நீ எண்ணாம உட்டிருந்தா இருந்திருக்கும்."

'காரணம்: நாமே' என்று எழுதிக் கொடுத்தேன்; அதை அடித்துவிட்டு 'மழைக் குறைவு' என்று திருத்தி மேலே அனுப்பினார்கள், ஆறு கரைபுரண்ட வருஷத்துக்கு.