சுருதி இறக்கிப் பாடிய எங்கள் அண்ணி

எங்கள் அண்ணி ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனாலும் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்து வீட்டில் அவரோடு ஒரே அடுப்பில் சமைத்தவள் நான்.

அண்ணி பிறந்தது அமெரிக்காவில், பால்டிமோர் என்கிற துறைமுக ஊரில். கறுப்பர் குடும்பம். அப்பா கப்பலில் மூட்டை இறக்குகிறவர். சிறு வயதில் தேவாலயத்தில் பாடிய அண்ணி, வளர்ந்ததும் விடுதிகளில் ஜாஸ் பாடினார். பாட்டைக் கேட்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு முன்வாசல். பாடுகிற அண்ணிக்குப் பின்வாசல். அதைச் சொல்லும்போதும் சிரிப்பார். அவர் பாட்டு இசைத்தட்டாகவும் வந்தது. ஜாஸ் என்றால் என்ன என்று எனக்கு விளக்கத் தெரியாது. நேற்றுப் பாடிய பாட்டை இன்று அதே மாதிரி பாடமாட்டார், நான் கண்டது அவ்வளவுதான்.

பயணிகள் கப்பலில் பாட வந்த இடத்தில், இயந்திர அறையில் வேலை பார்த்த எங்கள் அண்ணனைக் கண்டார். மணம் முடித்து வாசலில் வந்து நின்றபோது அம்மா உள்ளே கூப்பிடவில்லை.

“உங்க அப்பாருக்கு இன்னா வேல?” என்று கேட்டார். அண்ணன் அண்ணியிடம் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னார்.

“ஹார்பர்ல மூட்ட தூக்குறவரா? அப்போ நம்ம சனம்தான். உள்ள வாம்மா.”

அண்ணி தமிழ் கற்றது மீன்கடையில். “இன்னாமே, முந்தாநேத்து மீனை வெச்சிகினு யாரை ஏமாத்துற?” என்று அவர் கேட்டால் கடைத்தெருவே சிரிக்கும். விலையும் இறங்கும்.

சனிக்கிழமைகளில் நகரத்து ஓட்டல் ஒன்றில் பாடுவார். அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். அப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கழுத்தில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார், பேச்சும் வந்தது. பாட்டு வரவில்லை. மேலே போனால் வெறும் காற்றுதான் வந்தது. ஓட்டலில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதற்குக்கூட அவர் வருந்தவில்லை. “பாடலன்னா நான் யாரு மேரி?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

அவர் மனம் நோகக் கூடாதென்று நாங்கள் ரேடியோவை மூடிவைத்தோம். இசைத்தட்டுகளைப் பரணில் ஏற்றினோம். பக்கத்து வீட்டு சூசை தம்பி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட்டு வைத்திருப்பவர். ஒத்திகையைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளும்படி அவரையும் கேட்டுக்கொண்டோம்.

“இன்னா, தெருவே செத்துப் போச்சா? ஒரு சத்தத்தையும் காணோம்?” என்றார் அண்ணி. அம்மா காரணத்தைச் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம்.

“கொரலுதான் போச்சி. காதும் போச்சா?”

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடற்கரைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவரைக் கண்டதும் பேண்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“வாசி சூசை.”

சூசை தம்பி டிரம்பெட் எடுத்தார். அண்ணி வாய் திறந்தார், குரல் உடைந்தது. மறுபடியும் உடைந்தது.

“யக்கா, சுதிய எறக்கட்டா?”

பாடுகிறவர்களுக்கு அது கௌரவக் குறைச்சல். அண்ணியின் முகம் மாறியது. “எம்மாந்தூரம் எறக்குவ?” என்று கேட்டார்.

“நீ நிக்கிற எடம் வரிக்கும்.”

இறக்கினார்கள். இன்னும் இறக்கினார்கள். ஓரிடத்தில் அண்ணியின் குரல் காலூன்றி நின்றது. கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து, தூரத்தில் கப்பல் சங்கு ஊதுவது போல. அடுத்த வாரம் தெருவில் பாடியபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். “இதான்டி கொரலு! முன்ன பாடுனது குருவி கத்துனாப்புல இருந்திச்சி. நீ கோச்சிக்குவேன்னு சொல்லல” என்றார்.

பிறகு வேறொரு ஓட்டலில் சனிக்கிழமை கிடைத்தது. அண்ணன் மறைந்த பிறகும் பாடினார். எழுபது வயதைத் தாண்டியும் பாடினார். ஒருமுறை பெரியவர் ஒருவர் அண்ணியின் பழைய இசைத்தட்டைக் கொண்டுவந்து, இதே மாதிரி பாட வேண்டும் என்று கேட்டார். அண்ணி அட்டையில் இருந்த தன் படத்தைத் தடவிப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு எப்பவோ போயிட்டா சார். இப்போ நான் கீறேன். குந்து, கேளு.”

ஓட்டல் மூடும்வரை பெரியவர் எழுந்திருக்கவில்லை.

கடைசி நாட்களில் நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் விழுந்தார். அப்போதும் கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டபடியே இருந்தார். அதிக வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அன்று கட்டியை எடுத்து உயிரைக் காத்துக் கொடுத்த மருத்துவருக்கும், கஞ்சி கொண்டுவந்த காலடிப்பேட்டை உறவுகளுக்கும், அடக்கத்தைக் கைபேசியில் பார்த்து அழுத பால்டிமோர் சொந்தங்களுக்கும், சூசை தம்பிக்கும் அவர் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. நினைவுத் திருப்பலி முடிந்ததும் கல்லறையில் பேண்டு குழுவினர் வாசிப்பார்கள். கல்லறையாயிற்றே என்று யாரும் தயங்க வேண்டாம். வாசிப்பு நன்றாக இருந்தால் கைதட்டுங்கள். கைதட்டல் என்றால் அண்ணிக்கு உயிர்.