மைசூரில் ஒரு டச்சு வீட்டுக் காப்பி

யுத்தம் தொடங்கி இது இரண்டாவது தை. பொங்கல் கழிந்த வாரத்தில் கௌதள்ளியிலிருந்து மைசூருக்குப் போய் வந்தேன். அரண்மனையும் சாமுண்டி மலையும் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இதில் உள்ள வண்டி நேரமும் கட்டணமும் உதவும். மற்றபடி இதைப் படித்து உங்களுக்கு ஒரு சந்தோஷமும் கிடைக்காது. நான் போனது, என் தம்பி சென்னியப்பன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு டச்சு அம்மாளிடம் கேட்க.

ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் துறைமுகத்தில் நான் எட்டு வருஷம் இருந்தவன். சென்னையில் கப்பலேறும் நிலக்கடலையை அங்கே இறக்கி, எடை பார்த்து ஒப்படைக்கும் வேலை. அந்த ஊர்க் குளிர் நெஞ்சில் இறங்கி நான் திரும்பி வந்தபோது, அந்த வேலைக்குத் தம்பி தானே ஆசைப்பட்டுப் போனான். போன வைகாசி பிறந்த சமயம் ஜெர்மன்காரன் அந்த ஊர் மேல் குண்டு போட்டான். அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து ஒரு வரி கிடையாது.

மைசூரில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் யோஹன்னா அம்மாளுக்கும் ராட்டர்டாம்தான் சொந்த ஊர். அவருடைய அக்கா இன்னும் அங்கேயே இருக்கிறார். தம்பியைப் பற்றி விசாரிக்கும்படி அக்காவுக்கு எழுதச் சொல்லியிருந்தேன். மார்கழிக் கடைசியில் அம்மாளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அக்காவின் பதில் கிடைத்தது. வழக்கம் போல ஜனவரி இருபத்தொன்று, மாலை நாலு மணிக்கு வரவும்.' அவ்வளவுதான். ஜனவரி இருபத்தொன்று தம்பியின் பிறந்தநாள். வருஷாவருஷம் அன்றைக்குத்தான் நான் அவர் வீட்டுக்குப் போவேன்.

அந்தக் கார்டை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. டச்சு ஜனங்கள் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இல்லை. சட்டை நன்றாயில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கெட்ட செய்தி என்றால் பட்டென்று எழுதியிருப்பாரே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது தம்பி மனைவி ரங்கம்மா ஒரு தூக்கில் எள்ளுருண்டை வைத்துக் கொடுத்தாள். டச்சு வீடுகளில் காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கோத்துதான் கிடைக்கும். டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள், ஒன்றை எடுத்ததும் மூடிவிடுவார்கள். இதைத் தம்பி கடிதத்தில் எழுதி எழுதி வீடே சிரித்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு. "மாமா, அந்தம்மா ரெண்டாவது பிஸ்கோத்து குடுத்தாங்கன்னா எனக்கொண்ணு கொண்டாங்க" என்றாள் ரங்கம்மா. எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் கேலி பேசிக் கேட்டேன்.

கௌதள்ளியிலிருந்து ஹனூருக்கு மாட்டு வண்டி. விடியும் முன்பே கிளம்பினால்தான் ஏழு மணி பஸ் கிடைக்கும். ஹனூரிலிருந்து கொள்ளேகாலுக்குப் பதினாறு மைல், ஆறணா. அங்கே பஸ் மாற வேண்டும். கொள்ளேகாலிலிருந்து நரசீபுரம் வழியாக மைசூருக்கு முப்பத்தெட்டு மைல், ஒரு ரூபாய். முன் ஸீட்டுக்கு இரண்டணா கூடக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், பின்னால் உட்கார்ந்தால் இடுப்பு எலும்பு மிஞ்சாது. எங்கள் கோயமுத்தூர் ஜில்லா முடிந்து சமஸ்தானத்துக்குள் நுழைந்ததும் சாலை கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

கண்டக்டர் எங்கள் பக்கத்துக்காரர். என் மடியில் கிடந்த பத்திரிகையை எட்டிப் பார்த்து, "ஆலந்துன்னா எங்கீங்க இருக்குது?" என்றார்.

"சீமைக்குக் கிழக்கே. கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற ஊருங்க. கரை கட்டித் தண்ணியைத் தடுத்து வெச்சிருக்காங்க."

"அப்ப அவிங்களத் தண்ணியல்லங்க கொல்லோணும்? இதென்ன குண்டு வந்து கொல்லுது?"

நான் பத்திரிகையைப் புரட்டினேன். அதற்குப் பதில் அதில் இல்லை. ஹாலந்தைப் பற்றி மூலையில் நாலே வரி. இரவில் ஜன்னல் வெளிச்சம் தெரியாமல் கறுப்புத் துணி மாட்ட வேண்டுமாம். அந்த ஊரில் ஜன்னலுக்குத் திரை இருக்கும், ஆனால் இழுத்துவிட மாட்டார்கள். இரவு விளக்கடியில் அப்பன் பத்திரிகை படிப்பதும், அம்மா கிழிசல் தைப்பதும், பிள்ளை கன்னத்தில் அறை வாங்குவதும் தெருவில் போகிறவனுக்கெல்லாம் தெரியும். மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று காட்டுவது அவர்கள் கௌரவம். கத்தோலிக்கன் கத்தோலிக்கனிடம்தான் ரொட்டி வாங்குவான், மற்ற சபைக்காரன் தன் சபைக்காரனிடம். ஒருவர் பத்திரிகையை இன்னொருவர் தொட மாட்டார். ஜன்னல் விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒன்று. குண்டு போட்டவன் அதையும் மூடிவிட்டான்.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் வீட்டார், நண்பர்கள் எல்லோருடைய பிறந்தநாளையும் ஒரு காலண்டரில் எழுதி, சிரிக்காதீர்கள், கக்கூஸ் சுவரில் மாட்டுவார்கள். தினமும் தவறாமல் கண்ணில் படும் இடம் அதுதானே. ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருக்கு மட்டுமல்ல, அவருடைய அண்ணன், அக்கா, மாமியார் வரை எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். அவர் ஊரில் இல்லாவிட்டாலும் வாழ்த்து உண்டு. யோஹன்னா அம்மாளும் அப்படித்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து, "உன் தம்பிக்காக உனக்கு வாழ்த்து" என்பார். அதற்குப் பிறகுதான் உட்காரவே சொல்லுவார். செத்தவர்களின் பெயரைக் காலண்டரில் அழிக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தேதியில் யாருக்கும் கைகொடுக்க மாட்டார்கள்.

மைசூரில் இறங்கும்போது பகல் ஒன்றரை. மார்க்கெட் பக்கம் சாப்பாடு நாலணா, ரசம் மட்டும் நன்றாக இருந்தது. அம்மாள் வீடு இருக்கும் நஜர்பாத்துக்கு ஜட்கா மூன்றணா. வண்டிக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். சைக்கிளில் போய்வரும் டச்சு அம்மாள் வீடு என்றேன்.

"சைக்கிள் அம்மாவுது மனைதானே சாமி? கொத்து, நல்லாத் தெரியும். வெளக்கு வெச்சா உள்ள இருக்கறதெல்லாம் ரோட்டுக்குத் தெரியுமே, அதே மனைதானே?"

அதேதான். மைசூரிலும் அந்த அம்மாள் திரையை இழுத்துவிட்டதில்லை. அன்றும் திறந்தே இருந்தது. மேஜையும் இரண்டு கோப்பைகளும் கடிகாரமும் தெருவிலிருந்தே தெரிந்தன. நாலு மணிக்கு முன் கதவைத் தட்டினால் பிடிக்காது என்பதால் எதிர் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அதைப் பார்த்து, தம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்!

நாலு மணிக்குத் தட்டினேன். அவரே திறந்தார். நான் கையை நீட்டினேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உள்ளே வா, காப்பி ஆறிவிடும்" என்றார், டச்சு மொழியில். வாழ்த்துச் சொல்லவில்லை. நீட்டிய கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

காப்பி ஊற்றினார். பிஸ்கோத்து டப்பாவைத் திறந்தார். நான் எடுக்கவில்லை. டப்பாவை மூடாமல் அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டுப் பேசினார்.

"உன் தம்பி இருந்த தெருவே இல்லையாம். குண்டு போட்ட அன்றே வீடு விழுந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாளையும் அவனையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். அக்கா போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாள்."

"கார்டிலேயே எழுதியிருக்கலாமே, அம்மா?"

"மூன்று கார்டு எழுதிக் கிழித்தேன்" என்றார். "எங்கள் ஆட்களால் எதையும் சொல்ல முடியும் என்று நினைத்திருந்தேன். என்னால் முடியவில்லை."

காப்பியைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது எள்ளுருண்டைத் தூக்கை மேஜையில் வைத்தேன். அவர் பிஸ்கோத்து டப்பாவை மூடி, முழுசாக என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மைசூரிலிருந்து கொள்ளேகாலுக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. தவறினால் சத்திரத்தில் படுக்க நேரும், போர்வை கொண்டுபோங்கள், தை மாதக் குளிர் லேசில் விடாது. அரண்மனையில் விளக்குப் போடுகிற நாளாகப் பார்த்துப் போனால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. டச்சு வீட்டுக்கு அழைப்பு வந்தால் சொன்ன நேரத்துக்குப் போங்கள். ஒரு பிஸ்கோத்து கொடுத்து டப்பாவை மூடினால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் கௌதள்ளியில் வண்டியை விட்டு இறங்கினேன். வழி நெடுக ரங்கம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கூட்டிக்கொண்டே வந்திருந்தேன். அவள் களத்தில் கொள்ளு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். என் கையைப் பார்த்து நின்றாள்.

"முழு டப்பாவையுமா குடுத்துட்டாங்க, மாமா?" என்றாள்.

நான் கூட்டி வைத்திருந்த ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. அவள் டப்பாவை வாங்கிக்கொள்ளவும் இல்லை.