கால் இல்லாத கொக்கு

எங்கள் வீட்டு ஆட்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து தருவார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும்போதே இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போய் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

வேலை இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யார் உதவியும் இல்லாமல் படிக்கிற மாதிரி, ஒரு பறவையைப் பற்றி ஒரே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். ஒரு படம், ஐந்து வரி, பெரிய எழுத்து. எது நன்றாக வருகிறதோ அதை ஜெராக்ஸ் எடுத்து, எழுதியவர் பெயரைக் கீழே போட்டு, மூன்றாம் வகுப்பு முழுக்கக் கொடுக்கப் போவதாக டீச்சர் சொல்லியிருந்தார். அத்தனை தாளிலும் என் பெயர் என்ற நினைப்பில் எனக்கு இரண்டு நாள் சோறே இறங்கவில்லை.

நான் கொக்கை எடுத்துக்கொண்டேன். மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வயலெல்லாம் கொக்குதான். ஒரு புத்தகத்தைப் பார்த்து, ‘கொக்கு நீர்நிலைகளைத் தன் வாழ்விடமாகக் கொண்ட’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“மூணாங்கிளாஸ் புள்ள இத படிச்சி முடிக்கறதுக்குள்ள நாலாங்கிளாஸ் போயிடும்” என்றாள்.

கோபமாக வந்தது. ஆனாலும் அவள் சொன்னது சரி. அடித்து அடித்து ஐந்து வரிக்குக் கொண்டுவந்தேன். கொக்கு வெள்ளையாக இருக்கும். கொக்குக்குக் கால் நீளம். அது தண்ணீரில் நிற்கும். மீன் பிடிக்கும். மரத்தில் தூங்கும். அவ்வளவுதான். இந்த ஐந்து வரியை எழுதியதுதான் என் வாழ்க்கையில் அதுவரை நான் பட்ட பெரிய பாடு.

படம்தான் வரவில்லை. நான் எப்படிப் போட்டாலும் வாத்தாகவே வந்தது. மாமாவிடம் போனேன். மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனியில் அச்சு எடுக்கிற வேலை. கிளி, மயில், கொக்கு என்று அவர் கையில் பிறக்காத பறவையே கிடையாது. எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில்கூட அவர் செய்த கொக்கு ஒன்று இருந்தது. அவரை விட்டால் வேறு யாரிடம் போவது?

படம் மட்டும் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள், மாமாவுக்கும் அப்படித்தான். என் புது ஸ்கெட்ச் பேனாவில் பாதியைத் தீர்த்துவிட்டார். அம்மா இரண்டு முறை கூப்பிட்டு, திட்டி, தட்டை மூடி வைத்துவிட்டாள். ஆனால் முடித்துக் கொடுத்தபோது ஸ்கெட்ச் பேனா தீர்ந்ததே எனக்கு மறந்துபோனது. இறகு இறகாக அப்படி ஒரு அழகு. கண் என்னையே பார்த்தது.

மறுநாள் டீச்சர் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து ஒவ்வொரு தாளாகப் படிக்கச் சொன்னார். என் தாளில் அவன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் ‘கொக்குக்குக் கால் நீளம்’ என்ற வரிக்குத் திரும்பிப் போனான். படத்தைப் பார்த்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

“கால் எங்க டீச்சர்?” என்றான்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு மேட்டின்மேல், வயிறு ஒட்ட உட்கார்ந்திருந்தது கொக்கு. கால் என்ற பேச்சே இல்லை. டிவி பக்கத்தில் இருந்ததும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் பார்த்த கொக்கையும் வீட்டுக் கொக்கையும் நான் ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

வகுப்பே சிரித்தது. கிளியைப் பற்றி எழுதியவளின் பெயர் ஜெராக்ஸுக்குப் போனது. எனக்கு ‘கால் எங்க’ என்றே பெயராகிவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த முயலுக்காவது மூன்று இருந்தது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மாமாவை நான் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

“கொக்குக்குக் கால் இருக்குன்னு கூட ஒனக்குத் தெரியாதா?”

“என்னடி, மாமாவ நீ வான்னு பேசற?” என்று அம்மா அதட்டினாள்.

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். “கால் வச்சா நிக்காது பாப்பா. சூளையில வளைஞ்சிடும். தப்பிச்சி வந்தாலும் பெட்டியில அடுக்கறப்ப ஒடைஞ்சிடும்.”

“இது பேப்பரு மாமா.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஆமால்ல” என்றார், அவ்வளவுதான். எனக்கு அழுகையாக வந்தது. அவரோடு டூ விட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலிருந்து, சூளை திறக்கிற நாளெல்லாம் மாமா சட்டைப் பையில் பென்சில் கனத்துக்கு வெள்ளைக் குச்சிகளைக் கொண்டுவந்து ஜன்னலில் ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். சில வளைந்திருக்கும், சில பாதியில் ஒடிந்திருக்கும். சிமெண்ட் தரையில் தேய்த்தால் நன்றாகக் கோடு விழுந்தது. பாண்டி ஆடக் கட்டம் போடுவதற்கு எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டூவை நான் முறித்ததே ஒரு குறை சொல்லத்தான்.

“எல்லாம் கோணலா இருக்குது மாமா. நேரா இருக்கறதா கொண்டாங்க.”

மாமா சிரித்தார். “நேரா ஒண்ணு வரட்டும் பாப்பா” என்றார்.

போன வருஷம் என் மகளை ஏதோ படம் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குறுக்கே வந்தாள். “நீ மட்டும் என்னவாம்? கொக்குக்குக் கால் இல்லன்னு அழுத. அவன் மூணு நாலு மாசம் ஒனக்காக அந்தக் காலையே செஞ்சி செஞ்சி பாத்தான். மொதலாளிகிட்ட திட்டு வேற. ஒண்ணுகூட நிக்கல.”

அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. டப்பாவைக் கொட்டி, வளைந்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, இருப்பதில் நேரானதாக ஒன்றைப் பொறுக்கித் தரையில் தேய்த்துக் கட்டம் போட்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன்.