உமாக்காவின் முன்னேற்றத் திட்டம்

கேமராவைப் போடுவதற்கு முன், கறுத்துக் கிடக்கும் கணினித் திரையில் முகம் பார்த்து உமாக்கா சிரித்துப் பழகுகிறார். முதலில் உதடு பிரியாத சிரிப்பு. "இது சென்னைக்கு." அடுத்தது பல் தெரிய. "இது அமெரிக்காவுக்கு." பிறகு முகத்தைத் தளர்த்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்புகிறார். "ஒங்களுக்கு ஸ்டாக் இல்லப்பா. நாளைக்கு வாங்க." காலை மீட்டிங் தொடங்குகிறது.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கீழே பாத்திரக் கடையும் மேலே நாங்களுமாக ஒரு கட்டடம். சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கிளை இது. அயல்நாட்டு மருத்துவமனைகளுக்குப் போகும் மென்பொருளில் பிழை தேடுவது எங்கள் வேலை. மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடிக்க என்னை வைத்திருக்கிறார்கள்; என் பிழையைக் கண்டுபிடிக்கத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். கீழே அண்டா உருண்டால் அமெரிக்காவிலிருந்து பேசுகிறவர் பதறிப்போய் "என்ன சத்தம்?" என்று கேட்பார். "டெம்பிள் பெல் சார்" என்பார் உமாக்கா. அந்த மனிதர் எங்கள் ஊரைப் பெரிய புண்ணியத் தலம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கிளையின் மேனேஜர் உமாக்கா. நாற்பதைத் தாண்டியவர். அரிமளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். எங்கள் நிறுவனத்தில் பெரியவர் சின்னவர் கிடையாதாம். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது சென்னை போட்ட விதி. என் பக்கத்து இருக்கை அழகு, மீட்டிங்கில் "உமா" என்று துணிச்சலாக ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சற்றுத் தாமதமாக "க்கா"வைச் சேர்ப்பான்.

"நான் மேனேஜர் இல்லப்பா, போஸ்ட்மேன்" என்பார் அவர். "மேலேருந்து வர்றதக் கீழ குடுக்கிறேன். கீழேருந்து வர்றத மேல குடுக்கிறேன். எனக்குன்னு ஒரு தபாலும் வர்றதில்ல." சென்னை எதைச் சொன்னாலும் "ஷ்யூர், பண்ணிரலாம்" என்றுதான் பதில் போகும். சனிக்கிழமையும் வர வேண்டுமா? ஷ்யூர். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்க வேண்டுமா? பண்ணிரலாம். அழைப்பு முடிந்ததும் எங்களைப் பார்த்து, "எனக்கு முதுகெலும்பு இருக்குப்பா, எக்ஸ்ரேயில டாக்டரே காட்டினாரு. ஆபீசுக்குக் கெளம்புறப்ப வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்துருவேன்போல" என்பார். நாங்கள் சிரிப்போம். சிரித்துக்கொண்டே சனிக்கிழமையும் வருவோம். எங்கள் முதுகெலும்புகள் எந்த வீட்டில் கிடந்தன என்று யாரும் கேட்டதில்லை.

போன ஆண்டு ஒரு புதிய மென்பொருள் வந்து இறங்கியது. யார் எவ்வளவு நேரம் கீபோர்டையும் மவுஸையும் தொடுகிறார்கள் என்று அது கணக்கெடுக்கும். நன்றாகத் தொட்டவர் பச்சை, தொடாதவர் சிவப்பு. நாங்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தோம். "என் நெஜ மாமியாரு பாவம்ப்பா" என்றார் உமாக்கா. "நான் எட்டு மணிக்கு எந்திரிச்சாலும் ஒண்ணும் சொல்லாது. காப்பிய மட்டும் ரெண்டாவது தடவ சூடு பண்ணாது."

மாமியாரை ஏமாற்ற ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தோம். நான் யோசிக்கும்போதெல்லாம் வெற்றுக் கோப்பில் என் பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். அந்த மாதம் நான்தான் சிறந்த ஊழியர். அழகு, சுழலும் மேசை விசிறியின் கழுத்தில் நூலைக் கட்டி, அந்த நூலில் மவுஸைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். உமாக்கா சற்று நேரம் அதை நின்று பார்த்தார். அவன் வந்ததும், "அழகு, ஒன் ஃபேன் ஒன்னைய விட நல்லா வேல பாக்குது. அப்ரைசல்ல அதுக்கு எத்தன ஸ்டார் போட?" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

ஏமாற்றத் தெரியாதவள் காவ்யா ஒருத்திதான். அவளுக்கு அப்போது ஏழாவது மாதம். கால் வீங்கியிருந்ததால் அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் நடந்தாள். மாமியார் அவளைச் சிவப்பாக்கியது. எங்களில் அதிகப் பிழைகளைப் பிடிப்பவள் அவள்தான். அதை மாமியார் கேட்கவில்லை.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஜெரால்டு வீடியோவில் அழைத்தார்; ஸ்பீக்கர் வழியே எங்களுக்கும் கேட்டது. தமிழ்நாட்டுக் கிளைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அந்த மாதம்தான் உமாக்காவுக்குப் பதவி உயர்வு என்று பேச்சு. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். காவ்யாவை 'முன்னேற்றத் திட்ட'த்தில் சேர்க்கச் சொன்னார். அந்தத் திட்டத்துக்குள் போனவர்கள் யாரும் முன்னேறி நாங்கள் பார்த்ததில்லை. வாரா வாரம் வகுப்பு, வாரா வாரம் கேள்வி, வாரா வாரம் விளக்கம்; கடைசியில் தாங்களாகவே ராஜினாமா செய்துவிடுவார்கள். நாங்கள் "ஷ்யூர்" வருவதற்காகக் காத்திருந்தோம்.

"அவ மாசமா இருக்கா ஜெரால்டு" என்றார் உமாக்கா.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு உமா. ஆனா டேட்டா பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லாதுங்க. அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். எங்க கிளையிலேயே ரொம்பச் செவப்பு யாருன்னு பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. "அது... நீங்க."

"நானேதான். நாள் பூரா ஒங்க மீட்டிங்லதான் இருக்கேன். நீங்க பேசுறப்ப கீபோர்டத் தட்டிக்கிட்டிருந்தா மரியாதையா இருக்குமா? கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது நான் தூங்குறதா நெனச்சிருச்சு."

"உமா, நீங்க மேனேஜர். அது வேற."

"டேட்டாவுக்கு மேனேஜரெல்லாம் தெரியுங்களா? அவளச் சேக்குறதுன்னா அவளுக்கு முன்னாடி நான் நிக்கிறேன். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லங்க."

"சீரியஸாத்தான் சொல்றீங்களா?"

"சீரியஸாத்தாங்க. என் பேர மொதல்ல எழுதிக்கங்க."

மேசைக்குக் கீழே சேலை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்தது சென்னைக்கான சிரிப்பு மட்டும்.

ஜெரால்டு சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் நிறுவனம் நகைச்சுவையையும் கோரிக்கையாகவே பதிவு செய்துகொள்ளும். சில நாட்களில் பதில் வந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது என்று விதியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. காவ்யாவின் சிவப்பு போய்விட்டது. பிரசவ விடுப்புக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. மேனேஜர்களுக்கும் பொருந்தாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. பதவி உயர்வு வேறொரு கிளைக்குப் போனது. உமாக்கா முன்னேற்றத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்.

அவரே அதை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "பாத்தீங்களா, என்னைய முன்னேத்தப் போறாங்க. எங்கப்பா எத்தன வருசம் முயற்சி பண்ணாரு!" எங்கள் சிரிப்பு முடிவதற்குள் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது, பொட்டு இல்லை. போனில் கணவரிடம், "பிரமோஷன் இப்ப இல்லையாங்க. எனக்கு டிரெய்னிங் குடுத்திருக்காக. பெரிய டிரெய்னிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் வகுப்பு. பாடம், நேர மேலாண்மை. திரையில் அவரைவிடப் பாதி வயதுப் பையன் ஒருவன், "நீங்க நேரத்தை எப்படி வீணாக்குறீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றான்.

"பத்து நிமிசம் முன்னாடியே வந்து ஒங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன் சார்" என்றார் உமாக்கா. பையன் நல்லவன், குறித்துக்கொண்டான்.

காவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காகத்தானக்கா..." என்று ஆரம்பித்தாள். உமாக்கா மைக்கை அணைத்தார்.

"ஒனக்காகன்னு யாரு சொன்னா? எனக்கு நெசமாவே நேரம் பாக்கத் தெரியாது. எல்லாக் கல்யாணத்துக்கும் தாலி கட்டி முடிஞ்ச பெறகு போற ஆளு நான்."

காவ்யா நகரவில்லை. உமாக்கா காலி நாற்காலி ஒன்றைக் காலால் பக்கத்தில் இழுத்தார். அவள் உட்கார்ந்ததும், தன் ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவளிடம் நீட்டினார்.